நிருபமா தீதி உருது பேசிய நாள்

நேற்று ரயிலடிப் பக்கம் இருக்கிற அரிசி மண்டியில் மழைக்கு ஒதுங்கினேன். வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்து சணல் வாடை குப்பென்று வந்தது. மற்றவர்கள் மழையைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டிக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா நர்சம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தபடியே உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் பேச்சு ஓயவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நேரில் பேச வழியில்லாததால் எழுதுகிறேன்.

பங்களாதேஷ் பிறந்த அடுத்த வருஷம் அது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபைப் பாதிரி ஐயர், "அங்க சண்டை முடிஞ்சிடுச்சி, சாவு முடியல. நர்சுங்க வேணும்" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் எழுந்தது உன் கை. அதைப் பார்த்து நான் எழுந்தேன். நாம் இருவரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு. நீ இல்லாமல் அந்த வார்டில் நான் மட்டும் என்ன செய்வது என்பதுதான் அன்றைக்கு என் நினைப்பு. பெரிய அழைப்பு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. உன் அம்மா தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்து, "ஏண்டி, நம்ம ஊர்ல நோயாளிங்களே இல்லையா?" என்று கேட்டாள். நீ டிரங்குப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாய்.

நாம் போய்ச் சேர்ந்தது வடக்கே ஒரு ரயில்வே ஊர். வங்காளம் பேசுகிறவர்களும், பீகாரிலிருந்து வந்து குடியேறி உருது பேசுகிறவர்களும் ஒரே தெருவில் வாழ்ந்த ஊர். முந்தின வருஷம் பாகிஸ்தான் பட்டாளம் வந்து வீடு வீடாக வங்காளிகளை இழுத்துப் போய்க் கொன்றிருந்தது. உருது பேசுகிறவர்களில் சிலர் அதற்குத் துணை போனார்கள். பட்டாளம் தோற்றதும் பழி வாங்கல் தொடங்கியது. துணை போனவர்கள், போகாதவர்கள் என்று பார்க்காமல் வெட்டினார்கள். தப்பியவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். அந்த முகாமுக்கும் விதவைகள் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு தெருவுக்கும் நடுவே இருந்த சணல் கிடங்குதான் நம் ஆஸ்பத்திரி. வார்டுக்கும் சமையலுக்கும் நடுவே சாக்குத் தடுப்பு. படுக்கையும் சாக்குதான்.

அங்கே நோயாளிகளுக்குச் சமைக்க வந்தவள் நிருபமா தீதி. தீதி என்றால் அக்கா. அவள் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவரையும் வளர்ந்த இரண்டு மகன்களையும் ஒரே காலையில் பட்டாளத்தார் கூட்டிப் போனார்கள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பருப்பைக் கடைவாள், பாத்திரத்தைத் தேய்ப்பாள், போவாள்.

முகாமிலிருந்து சகீனா என்ற பெண்ணைக் காய்ச்சலோடு தூக்கி வந்த நாளை எப்படி மறப்பது? நெஞ்சோடு ஒரு கைக்குழந்தை. உன் வீட்டுக்கு அடுத்த வீடு ஜரிகை வியாபாரம் செய்த சாயபு வீடு. அந்த வீட்டுப் பெண்களோடு விளையாடி வளர்ந்த உனக்கு உருது தண்ணீர் பட்ட பாடு. நீ குனிந்து, "க்யா ஹுவா, பஹன்?" என்று கேட்டாய். என்ன ஆச்சு தங்கச்சி என்று கேட்டாய், அவ்வளவுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் கரண்டி விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. தீதி தெருவில் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் நீ அவள் வீட்டுக்குப் போனாய். நானும் கூட வந்தேன். உனக்கு வங்காளம் கேட்டால் புரியும், பேச வராது. அவளுக்கு உருது நன்றாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு சொல் அவள் காதில் விழக் கூடாது. எந்த மொழியில் பேசுவது? அவள் முற்றத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நீ எதிரில் உட்கார்ந்து ஒரு கை அரிசியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். மத்தியானம் வரை மூன்று பேரும் கல் பொறுக்கினோம். எழுந்திருக்கும்போது அவள் வங்காளத்தில் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை நீதான் சொன்னாய்: "அந்த பாஷை எனக்குப் புரியுது. புரியறதுதான் தாங்க முடியல." இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தாள். அன்றிலிருந்து நீ முகாம்காரர்களிடம் காதோடு காதாகத்தான் பேசினாய்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. சகீனாவைத் தீதிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "பட்டாளம் எங்க தெருவுக்கு வந்தப்போ இவ புருஷன் முன்னாடி வந்தான். என் வீட்டைக் காட்டினான். நான் பார்த்தேன்" என்றாள். நீ சகீனாவிடம் கேட்கவில்லை. அவளாகவே ஒரு நாள் சொன்னாள்: "முதுகுல துப்பாக்கிய வெச்சித்தான் இட்டுக்கினு போனாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அவர் தூங்கல." அவனும் உயிரோடு இல்லை. பழி வாங்கலில் போய்விட்டான்.

"யார் சொல்றதுடி நெஜம்?" என்று நான் உன்னைக் கேட்டேன்.

நீ ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாய். "தெரியலடி. தெரிஞ்சிக்கற தெம்பும் எனக்கில்ல" என்றாய். உன் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உதவி அனுப்புகிற குழுவிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நம்மை நடத்திப் போன ஐயர் உன்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், மருந்து வரவேண்டுமே என்ற கவலை அவருக்கு. தீதியும் சகீனாவும் கையைச் சேர்த்துக்கொண்டு நிற்க ஒரு ஜெபம் செய்யலாம், ஒரு படமும் எடுக்கலாம் என்றார்.

"முடியாது ஐயரே" என்றாய்.

"சமாதானம் பண்ணத்தானேம்மா வந்திருக்கிறோம்?"

"புண்ணைக் கழுவத்தான் எனக்குத் தெரியும். ஆறிடுச்சின்னு நான் சொல்லக் கூடாது. அந்தம்மாதான் சொல்லணும்."

"அவங்க எப்பதான் சொல்லுவாங்க?"

"சொல்லாமகூட போவலாம், ஐயரே."

அவர் கோபத்தில் எழுந்து போய்விட்டார். பார்வையாளர்கள் வந்தார்கள், படமில்லாமல் போனார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. உடைந்த பாலத்தைத் தாண்டி லாரி வரவில்லை. சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. மழையால் வரவில்லையா, உன்னால் வரவில்லையா என்று நம்மவர்களே முணுமுணுத்தார்கள். நீ கேட்காத மாதிரி இருந்தாய். ஆனால் சாப்பாடு உனக்கு இறங்கவில்லை.

முகாமில் பேதி பரவியது. சகீனாவின் குழந்தைக்கும் வந்தது. காலையில் கொண்டுவரும்போதே கண் உள்ளே போயிருந்தது, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது. ஏற்ற சலைன் இல்லை. நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஞ்சில் தண்ணீர் நனைத்து நனைத்து உதட்டில் வைத்தாய். அது வாந்தியெடுத்தது. சகீனா உன் காலைப் பிடித்துக்கொண்டு உரக்க அழுதாள். உருதுவில்தான் அழுதாள். அவளை அடக்கப் போன என்னை நீ தடுத்தாய். "அழட்டும். பிள்ள போவுதுன்னு அழறா, அதையுமா மெதுவா அழணும்?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தீதி போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சாக்கு விலகியது. அவள் கையில் ஒரு கிண்ணம். வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஆற்றிக் கொண்டுவந்திருந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை, சகீனாவையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வங்காளத்தில், "நான் எதையும் மறக்கல. இது பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரண்டி கரண்டியாகக் கொடுத்தாய். குழந்தை முதலில் கக்கியது, பிறகு கொஞ்சம் நின்றது. கிண்ணம் தீரத் தீர இன்னொன்று வந்து தரையில் இருந்தது. இப்படியே சில நாள். குழந்தை கண்ணைத் திறந்து சிணுங்கத் தொடங்கிய பிறகு சகீனாவே ஊட்டினாள்.

ஒரு காலையில் தீதி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். சகீனா தலை நிமிரவில்லை. தீதி முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "நமக் டீக் ஹை?"

உப்பு சரியா இருக்குதா என்று கேட்டாள். உருதுவில்.

சகீனா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தீதி தடுப்புக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நாம் ஊர் திரும்பிய நாளிலும் அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசி நான் பார்க்கவில்லை.

காஞ்சிபுரம் திரும்பியதும் உன்னைச் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கோயில் நிறைந்திருந்தது. நீ நடந்ததை நடந்தபடி சொன்னாய். "கடைசியில மனஸ்தாபம் தீந்துதாம்மா?" என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "தெரியாதுங்க. உப்பு சரியா இருக்குதான்னு கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். ஜனங்களுக்கு ஏமாற்றம். அதற்கப்புறம் உன்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. நீயும் விட்டால் போதும் என்றிருந்தாய்.

வார்டு வேலைக்குத் திரும்பினோம். உன் சிரிப்பு குறைந்துபோனது. பிரசவ வார்டில் குழந்தை அழுதால் மற்றவர்கள் மலர்வார்கள், நீ முதலில் அதன் தோலைக் கிள்ளிப் பார்ப்பாய். மஞ்சள் காமாலையில் நீ படுத்தபோது மருந்து கொடுக்க வந்த என்னிடம், "பயமெல்லாம் இல்லடி. அசதியா இருக்குது" என்றாய். எனக்கும்தான் அசதி. நீ போன பிறகு அதைச் சொல்ல ஆளில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். நம் சபையில் ஒரு தாய். அவள் மகளைப் புகுந்த வீட்டில் எரித்துக் கொன்றுவிட்டார்கள். சாட்சி இல்லையென்று மருமகன் வெளியே வந்து இப்போது அதே கோயிலுக்கு வருகிறான். புதிதாக வந்த ஐயர், பெரிய வெள்ளிக்குள் அவனோடு ஒப்புரவாகி இருவரும் சேர்ந்து திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்க வேண்டும் என்று அவளைச் சொல்லிச் சொல்லி வாட்டினார். நான் அவரிடம் போனேன். எனக்கு உன்னைப் போல வாய் கிடையாது, தெரியுமே.

"மன்னிக்கச் சொல்லி கர்த்தர்தானேம்மா கட்டளை கொடுத்திருக்கிறார்?" என்றார்.

"கொடுத்திருக்கிறார் ஐயரே. நாள் குறிச்சிக் கொடுக்கல" என்றேன்.

அந்தத் தாயை அவர் அப்புறம் வற்புறுத்தவில்லை. பெரிய வெள்ளியன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வரிசை வரிசையாக எழுந்து திருவிருந்துக்குப் பீடத்தண்டை போனார்கள். அவனும் போய் முழங்காலிட்டான். எங்கள் வரிசை எழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் எழுந்திருக்கவில்லை. நீ இருந்திருந்தால் அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய்.