இரண்டும் இருந்தால்தான் சிவப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

எண்ணூர் கழிமுகம், காலை ஏழு மணி. பத்து இடத்தில் தண்ணீர் எடுத்துப் பத்துச் சோதனை அட்டை நனைத்தேன். ஒன்றிலும் கோடு இல்லை. இதோடு நாற்பது.

செங்கொடி கழுத்தளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பல்லில் கடித்திருந்த பறிக்கூடையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா வாத்யாரே, இம்மாங் கலீஜு உன் அட்டைக்குத் தெர்லியா? அதுக்கும் ஒரு கண்ணாடி மாட்டி வுடு."

ஒரு கை இறால் கொடுத்தாள். வீட்டில் மனைவி ஞானபாக்கியம் தொக்கு செய்தாள். விரலில் இருந்த கழிமுகச் சாம்பல் நாற்றம் மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அதே கையால் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7

செங்கொடி சொன்னது அரிக்கிறது. முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

அட்டையில் இரண்டு ஆப்டமர்கள், அதாவது டி.என்.ஏ. இழைகள். ஒன்று காரீயத்தைப் பிடித்தால் மடங்கும், மற்றது பாதரசத்தை. நான் முதலில் செய்த அட்டையில் எது சிக்கினாலும் சிவப்புக் கோடு வரும். அதை நான் வேலை செய்யும் மணலி அலுவலகத்தில் காட்டிய அன்று அங்கிருந்த குழாய்த் தண்ணீருக்கே கோடு வந்தது. முதலாளி சுடலைராஜ் எல்லோர் முன்னாலும் சிரித்தார்: "சார் அட்டை குடிதண்ணியப் பாத்தே அலறுதுல்லா!"

அன்றே அட்டையின் லாஜிக் கேட்டை, எப்போது கோடு வரும் என்ற விதியை, மாற்றினேன். இரண்டும் சேர்ந்து சிக்கினால்தான் கோடு. அதற்கு 'எச்சரிக்கை' என்று பெயர் வைத்தேன். எச்சரிக்கையா அது?

ஆகஸ்ட் 10

மீதித் தண்ணீரை என் பழைய கல்லூரியில் கருவியில் சோதிக்கக் கொடுத்திருந்தேன். காரீயம், அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்கு. பாதரசம் இல்லை.

ஒன்று மட்டும் இருந்ததால் அட்டை வாய் திறக்கவில்லை. "கோடு இல்லை", "கோடு இல்லை" — நாற்பது தடவை, என் அழகான கையெழுத்தில்.

ஆகஸ்ட் 13

சுடலைராஜிடம் சொன்னேன்.

"ரெண்டும் இருந்தாத்தான் சிவப்புன்னு நீங்கதான எழுதித் தந்திய? அட்டை சரியாத்தான வேலை செய்யுது? டீ குடிங்க சார்."

அட்டைக்கு ஆர்டர் கொடுத்த ஆலை, 22-ஆம் தேதி அதிகாரிகள் கூட்டத்தில் இந்த நாற்பதையும் காட்டிக் கழிமுகம் சுத்தம் என்று சொல்லப்போகிறது. பாதரசம் இல்லை என்று இவருக்கு முன்பே தெரியுமா? கேட்கவில்லை. சரி சார் என்றேன். டீயையும் குடித்தேன். சீ.

ஆகஸ்ட் 14

மறுபடி தொக்கு. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஞானபாக்கியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 17

எது சிக்கினாலும் சிவக்கும் பழைய அட்டையையே மறுபடி செய்தேன். வீட்டுத் தண்ணீர் இருபது முறை: கோடு இல்லை. மணலி அலுவலகக் குழாய் ஐந்து முறை: ஐந்திலும் சிவப்பு. கல்லூரிக் கருவியும் காரீயம் என்றது. கட்டடம் பழசு, குழாயும் பழசு.

அப்படியென்றால் அன்றைக்கே அட்டை சரி. நான் அட்டையை நம்பாமல் ஒரு சிரிப்பை நம்பியிருக்கிறேன். அந்தத் தண்ணீரில் போட்ட டீயைத்தான் ஆறு மாதமாகக் குடிக்கிறேன், அவரும்தான்.

ஞானபாக்கியத்திடம் எல்லாம் சொன்னேன். தொக்குச் சட்டியை எடுத்துப்போய்க் கொட்டினாள். "இத்தன நாளு பேசாம இருந்தீயளோ" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22

கூட்டத்தில் பேச எழுந்தேன். குரல் வரவில்லை. எழுதிவைத்திருந்த தாளை அதிகாரியிடம் நீட்டினேன்: நாற்பது முடிவும் தவறு, தவறு என்னுடையது. கீழே முழுப் பெயர். கழிமுகத் தண்ணீரில், மறுபடி செய்த அட்டையை நனைத்து மேசைமேல் வைத்தேன். சிவந்தது. சுடலைராஜ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

வாசலில் செங்கொடி. "சொல்லிட்ட. நாளைக்கு எவன் என் எறாலை வாங்குவான்? நான் எங்க போயி கை வுடறது?"



ஆகஸ்ட் 26

செங்கொடி வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை. "அந்தப் புது அட்டை ஒரு நூறு குடு."

இனி மணலிக்கு வரவேண்டாம் என்று நேற்றே தகவல் வந்துவிட்டது. சமையலறை மேசையில் செய்ய ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 9

பாலத்தில் பஸ் போகும்போதே ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கோடு வந்த இடத்திலெல்லாம் சேற்றில் குச்சி நட்டு, சிவப்புப் புடவைத் துணி கட்டியிருக்கிறாள் செங்கொடி. பதினோரு குச்சி. கண்டக்டர்கூட எட்டிப் பார்த்து, என்ன அது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். காரீயம் என்றேன். குரல் வந்தது.

இறங்கிப் போனேன். முகத்துவாரத்துக்கு அப்பால், குச்சியில்லாத பக்கம் நின்றிருந்தாள். "லேட்டா வர்ற வாத்யாரே. துணி பத்தல. வூட்டம்மா செவப்பு சேல இருந்தா எட்த்தா."