தெருமுனை மருந்துக் கடை

ஞாயிறு, இரவு.

மகள் வித்யாவோடு மதியம் சினிமாவுக்குப் போனேன். மனநோய் வந்த ஒரு கணித மேதையின் வாழ்க்கைக் கதை. கணக்கில் நான் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அழுகையில் இன்று நூற்றுக்கு நூறு.

தாம்பரத்துக்குத் திரும்பும்போது ரயிலில் சொன்னேன்: "அவன் பொண்டாட்டியைப் பாத்தியா? புருஷனோட நோயை வெளிய சொல்லக் கொஞ்சங்கூட கூச்சப்படல."

வித்யா சிரித்தாள். "அப்ப என் மாத்திரைய மட்டும் ஏம்ப்பா சிங்கப்பெருமாள் கோவில்ல போய் வாங்கற? நம்ம தெருமுனைலயே மெடிக்கல் ஷாப் இருக்கே."

இரண்டு வருடமாக அவள் மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அப்படியே நரசிம்மரையும் சேவித்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் மாதாமாதம் ரயிலேறி அந்த ஊருக்குப் போகிறேன். என் பக்தியை அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்த நான்தான் மேதை.

"நாளைக்கு இங்கயே வாங்கறேம்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், நாளைக்கென்று டாக்டர் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கடைக்கார பாய் "யாருக்கு சார்?" என்று கேட்டால், ஆபீஸ் நண்பருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் எனத் தோன்றியது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் பெயரும், தகப்பனார் என்று என் பெயரும், கொட்டை எழுத்தில் இருக்கின்றன.