இந்தத் தடவை தீபத்துக்கு வராதே

திருவண்ணாமலை,
28-7-1983.

அன்பு மகன் தருமனுக்கு அம்மா ஜோதியம்மாள் ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. ஜபல்பூரில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். ஈரச் சாக்ஸோடு நிற்காதே. இங்கே நான் நலம். மருமகள் வேதாவும் நலம்தான், ஆனால் ரத்தம் கம்மியாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

சித்திரையில் அவளை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனதை எழுதியிருந்தேன். இரும்புச்சத்து மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் எழுதித் தந்தார்கள். போன வாரம் மறுபடி போனோம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்கள். வேதா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "அவரு லீவுல வந்ததும் சாப்பிடலாம்னு எடுத்து வெச்சிருக்கேங்க. அவரு இல்லாதப்ப சாப்பிட்டா வீணாதானுங்களே?" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வைட்டமின் பிள்ளையைக் கொண்டுவந்து தராது, உடம்பைத் தயார் செய்து வைக்கும், அதற்கு மாதக்கணக்கு வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நானும் என்னிடம் பாடம் படித்த கன்னியம்மாள் கதையைச் சொன்னேன். வருஷம் முழுக்க அரைவயிற்றோடு வந்த பெண் அவள். பரீட்சை அன்றைக்கு மட்டும் அவள் அம்மா முட்டை அவித்துக் கொடுத்து அனுப்பினாள். பரீட்சை ஹாலிலேயே மயங்கி விழுந்தாள். ஒரு முட்டை ஒரு வருஷத்துப் பசியை ஈடுகட்டுமா? வேதாவுக்குப் புரிந்தது. இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு என் எதிரில் மாத்திரை போட்டுக்கொள்கிறாள். பௌர்ணமிக்கு மலை சுற்றுவதை நான் தடுக்கவில்லை, பட்டினியோடு சுற்றாதே என்றேன். "சாமி கோவிச்சுக்காதா அத்தே?" என்று கேட்டாள். நம் சாமி அப்படிப்பட்டவரா!

இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று டாக்டரம்மா கேட்டார்கள். வருஷா வருஷம் தீபத்துக்கு லீவு போட்டு வருவான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "தீபத்துக்கா? அப்ப வீட்டுல கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே, இவங்க ரெண்டு பேரும் எங்க படுப்பாங்க?" என்றார்கள். நான் யோசிப்பதற்குள் வேதாவே சொல்லிவிட்டாள்: "அவரு மாடியில ஆம்பளைங்களோட, நான் சமையல்கட்டுல பொம்பளைங்களோட." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "அப்ப நான் எந்த வைட்டமினை எழுதித் தர்றதுங்க டீச்சர்?" என்றார்கள்.

கல்யாணமாகி வந்த மூன்று தீபமும் அப்படித்தானே போயின? உங்கள் அறை செங்கத்துச் சொந்தக்காரர்களுக்கு. கூட்டம் கிளம்பும்போது உன் லீவும் முடிந்திருக்கும்.

உன் அத்தை காசியம்மாள் உனக்கு எழுதியிருப்பாள். ஆரணியில் ஒரு பெண் இருக்கிறது என்று இங்கேயும் பேச்சை எடுத்தாள். போன மாதம் காதுகுத்து வீட்டில், பந்தியில் எல்லார் முன்னாலும், "ஏண்டி வேதா, மாத்திரையோட தொட்டிலையும் சேர்த்து எழுதிக் குடுத்தாங்களா உங்க டாக்டரம்மா?" என்று கேட்டாள். வேதா அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்தும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தைக்கு நீ என்ன பதில் எழுதப் போகிறாய் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலைப் பார்க்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஆணையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் டாக்டரம்மா. சைக்கிள் ஓடவில்லை என்றால் ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றிப் பார்ப்போமா? உங்கள் மிலிட்டரி ஆஸ்பத்திரியிலேயே கேட்டுப் பார். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதை எழுத வேண்டாம் என்று வேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் எழுதுகிறேன்.

ஆகவே, கண்ணா, இந்த வருஷம் தீபத்துக்கு வராதே. புரட்டாசியில் லீவு கேட்டு வா. அதற்குள் மாத்திரை அவள் உடம்பில் பிடித்திருக்கும். போளூரில் உன் சித்தி எல்லம்மாள் வெகுநாளாக என்னைக் கூப்பிடுகிறாள், அந்த மாதம் முழுக்க அங்கே இருந்துவிட்டு வருகிறேன். நீ கதவைத் தட்டும்போது வேதாதான் திறப்பாள். அம்மா இல்லையே என்று குறைப்படாதே, போளூர் பஸ் பிடித்து என்னைப் பார்க்க ஓடி வரவும் வேண்டாம். தீபத்துக்கு வருகிறவர்களுக்கு நானே வடித்துக் கொட்டுகிறேன்.

அண்ணாமலையார் துணையிருப்பார். அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வேதாவுக்கு இரண்டு வரி எழுது. தனிக் கவரில், அவள் பெயருக்கே போடு.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா.