மூச்சு விடாத டிரையர்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம், துணிகள்தான் சுகமில்லாமல் கிடந்தன. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் டிரையர் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாததால் தினமும் படுக்கை விரிப்பைத் துவைக்கிறேன், வெளியே ஓயாத மழை, நீ அனுப்பிய துணி உலர்த்தும் மெஷினோ மணிக்கணக்கில் சுற்றிவிட்டு ஈரத் துணியை ஈரமாகவே திருப்பிக் கொடுத்தது, மாற்றிப் போட விரிப்பில்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பஞ்சு சேரும் வலையைச் சுத்தம் பண்ணும்மா என்றாய், பண்ணினேன். உன் அத்தான் வீடியோ காலில் பார்த்துவிட்டு, துணியை நிறையத் திணிக்கிறீங்க அத்தை என்று தீர்ப்பு சொன்னார், குறைத்தேன். ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர் சும்மா இருப்பாரா, உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் ஏதோ பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி, மெஷினோடு வந்த புத்தகத்தை எனக்கு உரக்கப் படித்தார். கடைசியில், இதுக்கு உழைக்கிற புத்தியே இல்லை என்றார், மெஷினுக்கு மெமோ கொடுக்காததுதான் குறை. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் மட்டும், ஏன், நான் செத்தா போயிட்டேன் என்று எரிந்து விழுந்தார்.

நேற்று கருகின வாடை வந்தது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குடையோடு பின்பக்கம் போனால், சூடான காற்று வெளியே போகிற குழாயின் வாயில் உன் அப்பாவின் பழைய பனியன் இறுக்கித் திணிக்கப்பட்டிருக்கிறது. மெஷின் எப்படி மூச்சு விடும் சொல். இப்போது யோசித்தால், குழாய் பற்றிய பக்கத்தை மட்டும் மனுஷர் படிக்கவே இல்லை. மெஷின் இப்படி ஆவதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டம்மா, உங்க வீட்டுல தினமும் ஆவியா வருதே, தினமுமா துவைக்கிறீங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டாள், இவர் விருட்டென்று உள்ளே போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பனியனைத் துவைத்து, அதே மெஷினில் உலர்த்தி, மடித்து அவர் அலமாரியில் வைத்தேன். காலையில் அதையே போட்டுக்கொண்டு வந்து, மெஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன், சரியாயிடுச்சு பாத்தியா என்றார். உங்க கைராசிங்க என்றேன். பக்கத்து வீட்டம்மாவிடம், எனக்குத் தூசி ஆகாது, அதான் தினமும் துவைக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவரை எங்கும் அனுப்பப் போவதில்லை. நீ இல்லம் பற்றிப் பேசிய அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த முறை போனில் முதலில் அப்பாவைக் கூப்பிடு, மெஷினை எப்படிச் சரி பண்ணினீங்க என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை உம் கொட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா