மழையைத் தடுத்தவள் நீ இல்லை, அஞ்சலை

என் அஞ்சலைக்கு, போன இடத்திலும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போதவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை வருகிறது. பைத்தியக்காரிதான் நான். உன்னைப் படுத்த இடத்தில் படுக்க விடவில்லையே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யார் வாயிலிருந்தும் நீ கேள்விப்படக் கூடாது.

முதலில் ஊர்ச் சேதி. நீ போன பிறகு மழை இல்லை. நீ இருந்த கடைசி வருஷமும் இல்லை, ஆனால் அது இப்போது யாருக்கும் நினைவில்லை. ஏரி வெடித்துக் கிடக்கிறது, நடுவில் குச்சி நட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மோட்டார் வைத்திருக்கிறவர்கள் குழாயை மேலும் மேலும் கீழே இறக்குகிறார்கள். நடவு கிடையாது. நம் நடவு செட்டுப் பெண்களில் பாதிப் பேர் பாண்டிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். நான் பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறேன்.

அங்கே ஒரு ரேடியோ இருக்கிறது. ஒரு மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது அதில் ஒருவர் பேசினார். உலகமே சூடாகிக்கொண்டு வருகிறதாம். மில்லிலும் காரிலும் கப்பலிலும் கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து, கரியமில வாயு மேலே போய்ச் சேர்ந்துவிட்டதாம். அது வெயிலை உள்ளே விடுமாம், சூட்டை வெளியே விடாதாம். கதவைச் சாத்திக்கொண்டு நெல் அவித்தால் அடுப்படி எப்படி வேகும், அந்த மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன். பனிமலை உருகுமாம், கடல் ஏறுமாம். ஓரிடத்தில் கொட்டித் தீர்க்குமாம், ஓரிடத்தில் சொட்டுக்கூட விழாதாம். ஆனால் ஒரு வருஷத்து மழை பொய்த்ததை வைத்து இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஆள் மேல் எனக்கு மரியாதை வந்ததே அதனால்தான்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொல்லு? இவ்வளவு பெரிய சேதி. நீ இருந்தால், "இன்னாடி பிலோமி, ஒலகத்தயே அவிச்சிட்டானுங்களா?" என்று கேட்டுச் சிரித்திருப்பாய். அப்புறம் களை எடுக்கிற நேரம் முழுக்க, எவன் அவித்தான், ஏன் அவித்தான் என்று என் உயிரை வாங்கியிருப்பாய். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சுவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். மழைக்கு என்ன செய்வது என்று பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் உன் தோலில் வந்து நின்றது.

உதட்டோரம் தொடங்கி விரல் நுனி வரைக்கும் உனக்கு வெள்ளை படர்ந்ததே, அதுதான். அது ஒட்டாது, நிறம் மட்டும்தான் போகிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நீ ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தாய். அப்படியும் நடவு வரிசையில் உன் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. நாம் இரண்டு பேர் மட்டும் கடைசியில் நிற்போம். "பிரெஞ்சிக்காரன் கப்பல் ஏறும்போது என்னை மறந்துட்டுப் பூட்டான்டி" என்று நீயே கேலி பேசி அதையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாய். வெள்ளை விழுந்தவர்களைப் புதைத்தால் மழை நின்றுவிடும், தோண்டி எடுத்து எரித்தால்தான் வானம் திறக்கும் என்று ஊர் ஊராக ஒரு பேச்சு உண்டே, அதை எடுத்தார்கள். அந்தப் பேச்சு உன்னைத் தேடி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எழுந்து நின்றேன்.

"அவ சாவறதுக்கு முந்தின வருசமும்தான் மழை இல்ல. அப்போ யாரைப் பொதைச்சி வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"அப்போ அந்த வெள்ளை ஒடம்போட நடமாடிக்கினு இருந்திச்சே," என்றார் நாட்டாமை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்!

"எங்க கல்லறையில எல்லாரையும் பொதைக்கத்தான் பொதைக்கிறோம். வெள்ளை விழுந்தவங்களும் அதுல இருக்காங்க."

"உங்க சாமி வேற, எங்க சாமி வேற பிலோமினாம்மா."

"மேகம் ஒண்ணுதானே?"

சிரித்தார்கள். ரேடியோவில் கேட்டதை எடுத்துச் சொன்னேன். வாய்க்காலைத் தூர் வாரலாம், ஏரிக்கரை மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்குப் போடுவதை நிறுத்தலாம், மோட்டாரை முறை வைத்து ஓட்டலாம், நம் கையில் இருக்கிறது அதுதான் என்றேன். மோட்டார்க்காரர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு கேட்டார்: "அப்போ சீமையில எவனோ கார் ஓட்றதாலதான் எங்கூட்டுக் கெணறு வத்திப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு ஆமாம். உன்னை விட்டிருப்பார்களோ என்னவோ. அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்று கேட்டுத் தொலைத்திருந்தேனே! "இந்த வருசத்த வெச்சி அப்டிச் சொல்ல முடியாது, ஆனா..." என்று இழுத்தேன். அதற்குள் கூட்டம் உன்னை எந்தக் கிழமை தோண்டுவது என்ற பேச்சுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு ஒரு பேரும் ஒரு உடம்பும் வேண்டியிருந்தது. நான் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றைக் காட்டினேன்.

உன் மகன் சம்மதிக்காமல் தோண்ட முடியாது. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த ஏழுமலையை வழியிலேயே நிறுத்தி, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுடா."

"நான் வேணாம்னு சொல்லி மழையும் வரலன்னா ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியத்தான் பாப்பான் பெரிம்மா. எனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நான் இந்த ஊர்லதான் இருந்தாவணும்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். அவன் மேல் கோபம் வைக்காதே அஞ்சலை, உன் பிள்ளை பயந்துபோயிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் தோண்டினார்கள். பொம்பளைங்க வரக் கூடாது என்றார்கள், நான் போனேன். அந்த நேரத்தில் உனக்கென்று ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டாமா? கடைசியாக நான் உனக்குச் சுற்றிவிட்ட மஞ்சள் புடவையின் கரை தெரிந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். தீ வைத்தபோது ஜெபமாலை சொன்னேன். உன் சாமியை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது, கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த வாரமே மழை வந்தது. அதுதானடி கொடுமை. தெருவே இறங்கி ஆடியது. நாட்டாமை என் வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே நின்று வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் ஏங்கிக் கிடந்த மழை, நானும் ஏங்கிக் கிடந்ததுதான். அது இப்போது வந்திருக்கக் கூடாது என்று கதறி அழுதேன். ஊரில் ஒரு ஆத்மாவிடம் இதைச் சொல்ல முடியுமா?

மறுநாள் ஏழுமலை தொப்பலாக நனைந்து வந்தான். துண்டு கொடுத்தேன், துடைக்கவில்லை.

"பெரிம்மா, எங்கம்மா நெசமாவே மழைய நிறுத்தி வெச்சிருந்திச்சா?"

"கழனியில தன் கஞ்சில பாதிய எனக்கு ஊத்திட்டு மீதியக் குடிச்சவடா உங்கம்மா. அவளா ஊருக்கு வர்ற தண்ணிய நிறுத்துவா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆனால் வெளியே போய் ஊர்க்காரர்களிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் என் தெரு வழியாக வருவதும் இல்லை.

அந்த மழை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சங்கராபரணி ஆற்றில் வந்த தண்ணீர், தூர்ந்துபோன வாய்க்காலில் ஏற முடியாமல் நேராகக் கடலுக்குப் போனது. ஏரியில் கணுக்கால் நனைகிற அளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே வாய்க்காலில் இறங்கினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு நம் செட்டுக் கண்ணம்மா மட்டும் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாரினது ஒரு வீட்டு வாசல் நீளம் இருக்கும். உலகம் முழுக்க மேலே போன வாயுவுக்கு இது பதிலாகுமா? ஆகாதுதான். அதை எரிக்கிறவர்கள் அல்லவா நிறுத்த வேண்டும்? என் குரல் இந்தத் தெருமுனை தாண்டாது. ஆனால் மழை இனிமேல் பழைய கணக்கில் வராது என்றால், வருகிற அன்றைக்குப் பிடித்துவைக்க ஒரு குழியாவது வேண்டும் இல்லையா? அடுத்த ஞாயிறும் போவேன், கண்ணம்மா வராவிட்டாலும் போவேன்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பால்வாடியில் நம் செட்டுச் செல்வியின் கடைக்குட்டிப் பெண்ணுக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன். கன்னத்தில் பெரிதாக வைத்திருந்த திருஷ்டிப் பொட்டு துணியோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளை. கூட்டிப் போக வந்த செல்வி அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, யாருக்கும் சொல்லாதக்கா. உனக்குக் கோடி புண்ணியம்."

மையை வாங்கி நானே திரும்ப வைத்துவிட்டேன். அந்தக் குட்டி என்னவென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு முகத்தைக் காட்டியது.

மழை மறுபடி பொய்க்கும் அஞ்சலை. அன்றைக்கு இவர்கள் மறுபடி ஒரு பேரைத் தேடுவார்கள். நான் உயிரோடு இருந்தால், இந்தக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவில் போய் நிற்பேன். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை என்று அந்த மையை எல்லார் எதிரிலும் நானே துடைப்பேன். பிறகு எவன் வருகிறானோ என்னைத் தாண்டி வரட்டும். உன்னை எரித்த சாம்பல் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இவளை விட மாட்டேன்.

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
பிலோமினா