சிவப்புக் கோட்டுக்காரி

ஒக்டோபர் 19, ஞாயிறு

வேல்ஸில் தங்கச்சி இருக்கும் கிராமத்துக் கடற்கரையை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். "மூண்டு மணிக்குக் கடற்கரையில நிண்டு கமெராவுக்குக் கை காட்டுறன், பாருங்கோ அண்ணை" என்றிருந்தாள். மொன்றியலில் அப்போது காலை பத்து. திரையில் பிள்ளைகள் சிலர் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டுக்காரி ஒருத்தி கமெராவைப் பார்த்துக் கை காட்டினாள். முகம் தெளிவில்லை. நான் எழுந்து நின்று பதிலுக்குக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் தங்கச்சி அழைத்தாள்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் அண்ணை, நாங்கள் போகேல்லை. பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"இல்லை, நானும் மறந்துபோனன்."

நாளை தொழிற்சாலையில் பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. போனில் அந்தக் கடற்கரையை ஒருக்கால் பார்க்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்காரி வந்தாலும் வருவாள்.