இடப்பக்கத்து இலை

இன்று காலை மாடி வீட்டில் கல்பாசியை எண்ணெயில் போட்டார்கள். மழை நனைத்த பழைய சுவரை யாரோ வாணலியில் வறுப்பதுபோல ஒரு வாசனை. படிக்கட்டு வழியாக இறங்கி வந்து என் அடுப்படியில் நின்றது. மதுரைக்கு வந்து இத்தனை வருடத்தில் அந்த வாசனை என்னை எங்கெங்கோ பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது கொண்டுபோய் விடுவது காரைக்குடியில் அந்தப் பச்சைக் கதவு மெஸ்ஸில்தான். அங்கே உங்களுக்கு நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பாதி உங்களுக்குத் தெரிந்தது. மீதி, நீங்கள் போன பிறகு நடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நமக்குக் கல்யாணமான புதிது. எனக்குப் பள்ளிக்கூட வேலை, உங்களுக்கு வேளாண்மை அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் நான் சமைக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். "வாரத்துல ஒரு நாளாவது உனக்கு யாராச்சும் பரிமாறட்டும்" என்பீர்கள். அப்படித்தான் அந்தப் பச்சைக் கதவுக்கு வந்து சேர்ந்தோம்.

பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முன்கூடம் அது. சொந்தக்காரர்கள் எங்கோ வெளியூரில். முன்கூடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, இரண்டு வரிசை மேசை போட்டு மெஸ் நடத்தினார்கள். உள்ளே போகும் கதவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பூட்டு. அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை அறைகள், எத்தனை முற்றங்கள் என்று நமக்குத் தெரியாது. கூட்டம் குறைந்த நேரத்தில் நாம் டம்ளரை மேசையில் வைத்தால், கொஞ்சம் தாமதித்து உள்ளேயும் யாரோ டம்ளரை வைப்பது போலக் கேட்கும். "காலி வீடு, எதிரொலிக்குது" என்றீர்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அந்த மெஸ்ஸைப் பற்றி ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியை, "மாமியார் வீட்டுல கூட அப்படிக் கவனிக்க மாட்டாக. கேக்குறதுக்கு முன்னாடி குழம்பு வந்துரும்" என்பார். பக்கத்து வகுப்பு ஸ்டெல்லா டீச்சர் அந்தப் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பாள். "நானும் எங்க அண்ணனும் போயி உக்காந்தோம். அந்தாளு பக்கத்து மேசைக்கு மூணு தரம் வாரான், எங்களை எட்டிக்கூடப் பாக்கலை. மனுசங்களாவே மதிக்கல. எந்திரிச்சு வந்துட்டோம்." ஒரே சமையல், ஒரே கூடம், பரிமாறுவதும் ஒரே ஆள். எப்படி இப்படி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த ஒரே ஆள் முத்தையா. வயதானவர், ஒல்லி, தோளில் ஈரத் துண்டு. முதல் நாள் நாம் போய் உட்கார்ந்ததும் வந்தார். என் முன்னால் இலையைப் போட்டார், தண்ணீர் தெளித்தார். பிறகு என்னைப் பார்த்து மிகவும் பரிவாகக் கேட்டார்:

"ஒருத்தர்தானம்மா?"

நீங்கள் என் பக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"நான் ஒருத்தன் இருக்கேண்ணே" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவர் சத்தம் வந்த திசையில் சற்றுத் தடுமாறினார். "இந்தா வந்துர்றேன்" என்று போனவர் வரவில்லை. கடைசியில் கல்லாவில் இருந்தவர் எழுந்துவந்து உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். எனக்கு வறுவல், கூட்டு, இரண்டாம் முறை ரசம். உங்களுக்கு வெறும் மேசை. உங்களுக்கு அது வேடிக்கையாகிப்போனது. "ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு அப்பளம் கொடுக்கச் சொல்லு" என்பீர்கள். நான் சிரித்தேன். ஆனால் அவர் "ஒருத்தர்தானம்மா" என்று கேட்ட அந்தக் குரலில் இருந்த பரிவு எனக்குப் பிடிக்கவில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரல் அது.

ஒரு நாள் ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அங்க இன்னமும் போறீகளாமே? அந்தாளு கண்ணுல படாதவுக நிலைக்க மாட்டாகன்னு ஊருல பேச்சு இருக்கு. மாட்டு டாக்டர் ஒருத்தருக்கு இலை போடாம விட்டான், அந்த மாசமே போயிட்டாரு. திருப்பத்தூர் பஸ்ல கண்டக்டரா இருந்தவருக்கும் அதேதான்."

"ஒனக்கும் போடலைன்னியே?" என்றேன்.

"கோவத்துல எங்களைன்னு சொல்லிட்டேன். எனக்குப் போட்டான். எங்க அண்ணனுக்குத்தான் போடலை" என்றாள். அவளுடைய அண்ணன் அந்தக் கோடையில் இறந்திருந்தார். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். இனிமேல் அங்கே போக வேண்டாம் என்று அழுதேன். நீங்கள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "சோறு போடலைன்னா செத்துப்போவாகளா? அப்படின்னா பாதி ஊரு இருக்காதே" என்றீர்கள். ஆனால் அதை அப்படியே விடவும் உங்களால் முடியவில்லை. காய்ந்த பயிரைக் கண்டால் வேரைத் தோண்டிப் பார்க்கிற வேலை உங்களுடையது.

அடுத்த ஞாயிறு நீங்கள் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, முத்தையாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் அடுப்படியிலிருந்து வரும்போது வலது கை வரிசையில் ஒருவரைக்கூட விடாமல் பரிமாறினார். இடது வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தவர்கள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் நீங்கள் எழுந்து அவரருகில் போனீர்கள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. ஒங்களுக்கு இடப்பக்கம் கண்ணு தெரியலையோ?"

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாச் சொல்லுங்க சார். ஒரு நா மயங்கி விழுந்தேன். எந்திரிச்சப்ப இடப்பக்கம் போயிருச்சு. இருட்டா இருந்தாக்கூடத் தேவலை. ஒண்ணுமே இல்லாம இருக்கு. அங்குட்டு ஒரு பக்கம் இருக்குங்கிறதே மறந்துபோகுது. மொதலாளிட்ட சொல்லிறாதீக, வேலையை விட்டு வீட்டுல ஒக்காரவச்சுருவாரு."

உங்கள் சித்தப்பாவுக்கும் பக்கவாதத்துக்குப் பிறகு அப்படி இருந்ததாம். கழுத்தை முழுதாக இடது பக்கம் திருப்பிப் பார்த்துப் பழகும்படி முத்தையாவுக்கு நீங்கள் அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தீர்கள். அன்றிலிருந்து நாம் போகும்போதெல்லாம், "அண்ணே, அங்குட்டு ரெண்டு பேரு", "அண்ணே, தூணுக்குப் பக்கத்துல பெரியவரு" என்று மெதுவாகக் குரல் கொடுப்பீர்கள். அவரும் கழுத்தைத் திருப்பித் தேடிப் பார்த்து இலை போடுவார். உங்கள் இலையை மட்டும், அவருக்கு எதற்குச் சிரமம் என்று, நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்வீர்கள், கல்லாவில் இருந்தவர் வந்து பரிமாறுவார். ஊரில் திட்டு குறைந்தது. எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பினேன்.

பிறகு அந்தக் கடைசி ஞாயிறு. வேண்டுமென்றே இடம் மாறி உட்கார்ந்தோம். அவருடைய இடது பக்கம் நான், வலது பக்கம் நீங்கள். "இன்னைக்கு அண்ணன் கையால சாப்பிட்டே தீருவேன்" என்றீர்கள். அவர் வந்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கழுத்தைத் திருப்பி என்னைக் கண்டுபிடித்தார், சிரித்தார், இலை போட்டார். அடுத்து நேராக உங்கள் பக்கம் திரும்பினார். நல்ல வெளிச்சம். சன்னல் வெயில் உங்கள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, யாரோ சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன இடத்தைத் துடைப்பதுபோல, உங்கள் முன்னாலிருந்த மேசையைத் துடைத்தார். துண்டு கிட்டே வந்ததும் நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள். அவர் துடைத்து முடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

நீங்கள் அன்று குரல் கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. "விடு, போவோம்" என்று மட்டும் சொன்னீர்கள். என் இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது. இரவு படுத்த பிறகு, தூங்கிவிட்டீர்கள் என்று நான் நினைத்திருந்தபோது கேட்டீர்கள்: "ஒண்ணுமே இல்லாம இருக்குன்னாரே, அது எப்படி இருக்கும்?" நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது. அதை நான் நன்றாகக் கவனித்துவைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது கீழச்சிவல்பட்டிப் பக்கம் வயல் பார்க்கப் போனீர்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் வரப்போரத்தில் உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்தீர்களாம். திறக்கவில்லை. கூட இருந்தவர்கள் கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது அப்படியே சாய்ந்திருந்தீர்களாம். நெஞ்சுவலி என்றார்கள். உங்கள் சொந்த ஊரான கல்லலில் குடும்பத்துக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் அலுவலகத்தில் இருந்து அந்தத் தூக்குவாளியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையில் வாங்கினேன். கனமாக இருந்தது.

அந்தக் கனம்தான் என்னைச் சாப்பிடவிடவில்லை. பங்குச் சாமியார் வந்து, இறந்தவர்களுக்குப் பசி இல்லை, அவர்கள் ஆண்டவரோடு இருக்கிறார்கள் என்றார். தலையாட்டினேன். ஆனால் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், பசித்த வயிற்றோடு அனுப்பிவிட்டேனே என்றுதான் வந்தது. மாதங்கள் ஆகியும் அது போகவில்லை. துக்கம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது, இது குறையவில்லை.

அதனால்தான் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள் விட்டதும், அந்தப் பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சாப்பிடப் போகவில்லை. சண்டை போடப் போனேன். உமக்கு என்ன தெரிந்தது, ஏன் அப்படிச் செய்தீர் என்று முத்தையாவின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கூடத்தில் கூட்டம் இல்லை. கல்லாவில்கூட ஆள் இல்லை. உட்கார்ந்தேன். அவர் வந்தார். நீங்கள் பழக்கிவிட்டபடி கழுத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். இலை போட்டார்.

"வாங்கம்மா. ரொம்ப நாளாச்சே. இன்னைக்குச் சார் வரலையா?"

தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் தெரிந்தது இவருக்கு மட்டும் எட்டவில்லை போலும். "சார் எங்கே வருவார்" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தது, சத்தமே இல்லாமல் வந்தது.

"நேத்து வந்தாரேம்மா. இந்தா, இந்தச் சன்னலோரந்தான். தனியாத்தான் வந்தாரு."

"நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"நேத்துத்தாம்மா மொகத்தை நல்லாப் பாத்தேன். இத்தனை நாளும் எனக்குச் சத்தம் மட்டுந்தான கேட்டுச்சு." அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். "நாந்தான் இலை போட்டேன். மீன் குழம்பு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. நல்ல பசி போல. இடக்கையாலதான் சாப்பிட்டாரு, நான் ஒண்ணும் சொல்லிக்கிடலை. அது அவுக பழக்கம்."

நீங்கள் இடக்கைக்காரர் என்பது அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? வெளியில் ஒரு நாளும் இடக்கையால் சாப்பிட்டதில்லை நீங்கள். சின்ன வயதில் அடித்துத் திருத்தியிருந்தார்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, என் முன்னால் மட்டும் இடக்கையால் பிசைந்து சாப்பிடுவீர்கள். நான் பார்த்துச் சிரிப்பேன்.

அவர் வேறு யாரையோ பார்த்திருக்கலாம். பாதிப் பார்வை போன கிழவர், நாள் குழம்பியிருக்கலாம். அதையும் நான் நினைக்காமலில்லை. சன்னலோரத்து இடத்தைப் பார்த்தேன். வெறும் பெஞ்சு. உள்வீட்டுப் பூட்டு அப்படியே தொங்கியது. கேட்க வந்ததில் ஒன்றும் கேட்கவில்லை நான். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்.

"வயிறு நெறஞ்சு சாப்பிட்டாராண்ணே?"

"நெறஞ்சுதாம்மா. மோரு ஊத்தப் போனேன், கையை வச்சு மறிச்சுட்டாரு. போதும்ணே, போதும்னாரு."

அவர் எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன். நீங்கள் போன பிறகு இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. நடுவில் உள்ளேயிருந்து டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. நான் என் டம்ளரைத் தொட்டிருக்கவில்லை. எழுந்து ஓடவில்லை. சாப்பிட்டு முடித்தேன்.

அதன்பிறகு அங்கே போகவில்லை. அடுத்த கல்வியாண்டில் மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மெஸ் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இங்கே வந்தால் இன்னமும் அதைப் பற்றி இரண்டுவிதமாகத்தான் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட சாப்பாடு இனி கிடைக்காது என்பார்கள் சிலர். அந்தக் கடை வாசலையே மிதிக்கக் கூடாது என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால், "எங்க வீட்டுக்காரர் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டார்" என்று சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அன்று நான் கேட்டது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்றே நானும் வைத்திருக்கிறேன். அது போனால் கூடவே "போதும்ணே" என்ற அந்தச் சொல்லும் போய்விடும். உங்கள் கடைசிச் சொல் அதுதான், உங்கள் குரலில் நான் கேட்காதது. தினமும் முதல் கவளத்தை எடுக்கும்போது அதை ஒரு முறை மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். பிறகுதான் சாப்பிடுகிறேன்.